பர்னாலா எழுதாத அறிக்கை

1991 ஜனவரி 30ஆம் தேதி தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான திமுக அரசு கலைக்கப்பட்டது. 234 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றத்தில் 150 இடங்களை வென்று வந்த அரசு அது. பதவியேற்று இரண்டாண்டு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெரும்பான்மை அதன் பக்கம் இருந்ததில் யாருக்கும் ஐயமில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1976 ஜனவரி 31இல், இதே முதல்வரின் அரசை இந்திரா காந்தி கலைத்தபோது ஆளுநர் கே. கே. ஷாவின் அறிக்கை தில்லியின் கையில் இருந்தது. 1991இல் அப்படியோர் அறிக்கை இல்லை. கிண்டி ராஜ்பவனில் இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா அதை எழுதித்தர மறுத்துவிட்டார்.

தமிழ்நாட்டு அரசியல் பேச்சில் பர்னாலாவின் பெயர் இந்த ஒரு மறுப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நேர்மையான கவர்னர்’ என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அந்த மறுப்புக்குப் பின்னால் நீண்ட அரசியல் வாழ்க்கை ஒன்று இருக்கிறது. அதன் கடுமையான பகுதி பஞ்சாபில் நடந்தது. 1987 மே மாதம் பஞ்சாப் முதல்வராக இருந்த பர்னாலாவின் ஆட்சியே அரசமைப்பின் 356ஆவது பிரிவால் கலைக்கப்பட்டது. ஆட்சியைப் பறிகொடுத்தவரிடம், நான்காண்டுக்குள், இன்னொருவரின் ஆட்சியைப் பறிக்க அறிக்கை கேட்டார்கள். அவருடைய மறுப்பைத் தனிமனித நல்லியல்பாக மட்டும் பார்த்தால், அந்தப் பிரிவு ஒரு மாநிலத்தை என்ன பாடுபடுத்தும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார் என்ற உண்மை மறைந்துபோகும்.

பர்னாலா 1925 அக்டோபர் 21இல், இன்று ஹரியானாவில் உள்ள அட்டேலியில் பிறந்தார். லக்னோவில் சட்டம் படித்தார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது அங்கே மாணவர்; அந்தக் கிளர்ச்சியில் பங்கெடுத்தார். படிப்பு முடிந்ததும் பர்னாலா நகரில் வக்கீல் தொழில். ஊர்ப் பெயரே அவருடைய பெயரானது. பாதல், தோஹ்ரா, லோங்கோவால் என்று அவருடைய கட்சியான அகாலிதளத்தின் தலைவர்களின் பெயர்களில் வருவனவெல்லாம் ஊர்கள்தாம். 1952 பொதுத்தேர்தலில் போட்டியிட்டு நான்கே வாக்குகளில் தோற்றார். அதன்பின் நெடுநாள் காத்திருப்பு. 1969இல் பஞ்சாபில், முன்னாள் நீதிபதியான குர்னாம் சிங்கின் அமைச்சரவையில் கல்வி அமைச்சரானார். அமிர்தசரஸில் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு நவம்பரில் உருவானதில் அவருடைய பங்கு பெரிது.

நெருக்கடிநிலைக்குப் பிந்தைய 1977 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குப் போனார். மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் வேளாண்மைத் துறையை முதலில் வைத்திருந்தவர் பிரகாஷ் சிங் பாதல். அவர் பஞ்சாப் முதல்வராகப் புறப்பட்டுப் போனதும், ஜூன் மாதம் அந்தத் துறை பர்னாலாவிடம் வந்தது. நீர்ப்பாசனமும் அதோடு சேர்ந்திருந்தது. அவருடைய குணத்தை அறிய இந்தக் காலத்தின் ஒரு நிகழ்வு உதவும்.

மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே கட்டப்பட்ட ஃபரக்கா தடுப்பணை 1975இல் செயல்படத் தொடங்கியது. ஹூக்ளி ஆற்றில் வண்டல் படிந்து கொல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோவதைத் தடுக்க, கங்கை நீரைத் திருப்பிவிட வேண்டும் என்பது இந்தியாவின் தேவை. கோடையில் அப்படித் திருப்பினால் கீழ்ப்பாயும் வங்கதேசத்துக்கு விவசாயமும் மீன்பிடியும் போய்விடும். பிரச்சினை ஐநா வரை போயிருந்தது. 1977 நவம்பர் 5இல் டாக்காவில் பர்னாலா இந்தியாவின் சார்பில் ஐந்தாண்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டார். நீர் மிகவும் குறையும் ஏப்ரல் கடைசிப் பத்து நாளுக்குப் போட்ட கணக்கு இது: ஃபரக்காவில் 55,000 கனஅடி வரும், வங்கதேசத்துக்கு 34,500, இந்தியாவுக்கு 20,500. நீர்வரத்து எதிர்பார்த்ததைவிடக் குறைந்தாலும் வங்கதேசத்தின் பங்கில் 80 விழுக்காடு உறுதி. கொல்கத்தா துறைமுகத்துக்கு இது போதாது என்று மேற்கு வங்கத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. காவிரிக் கணக்கோடு வாழ்கிற நமக்கு இதன் அருமை தெரியும். மேலே இருப்பவன், தன் கையில் மதகு இருக்கும்போதே, கீழே இருப்பவனுக்குப் பெரும்பங்கு எழுதித்தருவது எளிதில் நடக்கிற காரியமில்லை. பர்னாலா அடிப்படையில் உடன்பாட்டு மனிதர். பேசினால் தீரும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கை பஞ்சாபில் நொறுங்கியது.

1984 ஜூனில் பொற்கோவிலுக்குள் ராணுவம் புகுந்தது. அகாலி தலைவர்கள் பலரைப்போல பர்னாலாவும் சிறைவைக்கப்பட்டார். அக்டோபரில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தில்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். இதற்குப் பிறகும் பேச்சுவார்த்தைக்கு ஒருவர் முன்வந்தார் என்பதே வியப்பு. 1985 ஜூலை 24இல் ஹர்சந்த் சிங் லோங்கோவால் ராஜீவ் காந்தியுடன் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். அந்தப் பேச்சுவார்த்தையில் லோங்கோவாலோடு நின்ற இருவரில் ஒருவர் பர்னாலா. மற்றவர் பல்வந்த் சிங். ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஆகஸ்ட் 20இல் சேர்பூர் குருத்வாராவில் லோங்கோவால் சுட்டுக்கொல்லப்பட்டார். பல்வந்த் சிங்கை 1990இல் கொன்றார்கள்.

லோங்கோவால் இறந்த ஐந்தே வாரத்தில், செப்டம்பர் 25இல், சட்டமன்றத் தேர்தல். தீவிரவாதிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 117 இடங்களில் 73 அகாலிதளத்துக்குக் கிடைத்தது. அதுவரை அந்தக் கட்சி தனியாகப் பெரும்பான்மை பெற்றதே இல்லை. செப்டம்பர் 29இல் பர்னாலா முதல்வரானார். பஞ்சாப் மக்கள் துப்பாக்கிக்கு எதிராகத் தெளிவாகத் தீர்ப்பளித்த தருணம் அது. அதைக் காப்பாற்ற தில்லி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

ராஜீவ்–லோங்கோவால் உடன்பாட்டின்படி சண்டிகர் 1986 ஜனவரி 26இல் பஞ்சாபுக்குச் சேர வேண்டும். பதிலுக்கு இந்தி பேசும் சில பகுதிகள் ஹரியானாவுக்குப் போக வேண்டும். எந்தப் பகுதிகள் என்று சொல்ல மேத்யூ ஆணையம் அமைந்தது. அபோஹர், ஃபாஸில்கா வட்டாரங்களை ஹரியானா கேட்டது. அவற்றுக்கும் ஹரியானா எல்லைக்கும் நடுவே கண்டுகேரா என்று ஒரு சிறிய கிராமம். அந்தக் கிராமத்தார் பேசுவது இந்தி என்றால் அபோஹரும் ஃபாஸில்காவும் ஹரியானாவோடு தொடர்ச்சியாக இணையும். பஞ்சாபி என்றால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1986 ஜனவரிக் குளிரில் அந்த ஒரு கிராமத்துக்கென்று மொழிக் கணக்கெடுப்பு நடந்தது. இரண்டு மாநிலத் தலைவர்களும் அங்கே போய் முகாமிட்டார்கள். பஞ்சாபி என்றே பெரும்பாலோர் பதிந்தார்கள். ஆணையத்தால் அந்தப் பகுதிகளை ஹரியானாவுக்குத் தரச் சொல்ல முடியவில்லை. பிறகு இன்னோர் ஆணையம், அதற்குப் பிறகு இன்னொன்று. ஜனவரி 26 வந்து போனது. சண்டிகர் இன்றுவரை ஒன்றியப் பகுதியாகவே இருக்கிறது.

சண்டிகர் கைமாறியிருந்தால் தீவிரவாதம் அடங்கியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘பேசினால் கிடைக்கும்’ என்று மக்களிடம் சொல்லி வந்த முதல்வரின் கையில், காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. அதே ஜனவரி 26இல் அமிர்தசரஸில் தீவிரவாதக் குழுக்கள் சர்பத் கால்சா என்னும் சீக்கியப் பேரவையைக் கூட்டின. பிப்ரவரி தொடக்கத்தில் நகோதரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு சீக்கிய இளைஞர்கள் இறந்தார்கள். ஆட்சி பர்னாலாவுடையது, அதன் சுமை அவர் கணக்கில்தான் சேரும். விசாரணை நடந்தும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. பர்னாலாவைப் போற்றி எழுதுகிறவர்கள் நகோதரைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஏப்ரல் 29இல் பொற்கோவில் வளாகத்திலிருந்து காலிஸ்தான் பிரகடனம் வந்தது. மறுநாள் பர்னாலா போலீஸையும் கமாண்டோக்களையும் உள்ளே அனுப்பினார். 1984ஐப் போலக் குருதி ஓடவில்லை; தேடப்பட்டவர்களும் அகப்படவில்லை. ஆனால் ஓர் அகாலி முதல்வரே கோவிலுக்குள் காவல்படையை அனுப்பினார் என்பது கட்சியைப் பிளந்தது. பாதல், தோஹ்ரா, அம்ரிந்தர் சிங் விலகினார்கள். 27 சட்டமன்ற உறுப்பினர்கள் பிரிந்துபோனார்கள். மாபெரும் பெரும்பான்மையோடு வந்த அரசு ஏழே மாதத்தில் காங்கிரஸின் தயவில் நிற்கும் அரசானது. மத குருமார்கள் தண்டனை விதித்தார்கள். பதவியில் இருக்கும் முதல்வர் குருத்வாராவின் காலணிக் கூடத்தில் உட்கார்ந்து, வருகிற பக்தர்களின் செருப்புகளைத் துடைத்தார்.

1987 பிப்ரவரியில் அடுத்த சோதனை. எல்லா அகாலி பிரிவுகளும் கலைந்து, சிறையில் இருந்த சிம்ரஞ்சித் சிங் மான் தலைமையில் ஒரே கட்சியாக வேண்டும் என்று ஐந்து தலைமை குருமார்கள் ஆணையிட்டார்கள். பர்னாலா இணங்கவில்லை. தேர்தலில் மக்கள் கொடுத்த பொறுப்பைக் கோவிலின் உத்தரவுக்காகக் கைவிட முடியாது என்பது அவருடைய நிலை. சீக்கிய சமயத்திலிருந்தே விலக்கிவைக்கப்பட்டார். ஒரு சீக்கியருக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இல்லை. சொந்தங்கள், சடங்குகள், ஊர் எல்லாம் அறுந்துபோகும். அவர் முதல்வராகத் தொடர்ந்தார்.

இவ்வளவையும் தாங்கிய அரசை தில்லி கலைத்தது. 1987 மே 11இல் பஞ்சாபில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. சட்டம் ஒழுங்கு சீர்குலைந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அப்போது ஆளுநராக இருந்தவர், மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் சித்தார்த்த சங்கர் ராய். கொலைகள் பெருகியிருந்தது உண்மைதான். ஆனால் ஜூனில் ஹரியானா தேர்தல் வரவிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பஞ்சாப் மீது கடுமை காட்டினால் ஹரியானாவில் வாக்கு விழும் என்ற கணக்குதான் கலைப்புக்குக் காரணம் என்று அன்றே பரவலாகப் பேசப்பட்டது. அந்தக் கணக்கும் பொய்த்தது. 90 இடங்களில் ஐந்தே காங்கிரஸுக்குக் கிடைத்தன. தேவிலால் அலையில் மற்றவை போயின. பஞ்சாபோ 1992 பிப்ரவரி வரை, ஏறக்குறைய ஐந்தாண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லாமல் கிடந்தது. அதற்காக அரசமைப்பையே திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிக் கலைத்த பின்புதான் அந்த மாநிலம் தன் மிகக் கொடிய ஆண்டுகளைக் கண்டது.

பதவியெல்லாம் போன பிறகு, 1988 இறுதியில், பர்னாலா சீக்கியரின் உயர்ந்த சமய பீடமான அகால் தக்தின் முன் போய் நின்றார். 1987இல் மீறிய ஆணைக்காகத் தண்டனை கேட்டார். கழுத்தில் குற்றத்தை எழுதிய அட்டை. கயிற்றால் தூணோடு கட்டப்பட்ட உடல். அறுபது கடந்த முன்னாள் முதல்வர், கைகூப்பியபடி. நாளிதழ்களில் வந்த அந்தப் படம் பலருக்கு நினைவிருக்கும். பர்னாலாவைக் கோழை என்று அன்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல்வராக இருந்தவரை கோவிலின் அரசியல் கட்டளைக்கு அவர் பணியவில்லை. பதவி தன் கையைவிட்டுப் போன பிறகு, ஒரு சீக்கியராக, தன் சமயத்துக்குள் திரும்பிவர அது கேட்ட விலையைக் கொடுத்தார். எது மக்கள் தந்த பொறுப்பு, எது தன் சொந்தக் கணக்கு என்ற எல்லை அவருக்குத் தெளிவாக இருந்தது.

இந்த மனிதர்தான் 1990 மே 24இல் தமிழ்நாட்டு ஆளுநரானார். அவர் வந்த வழியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வி. பி. சிங் அரசு பதவிக்கு வந்ததும், காங்கிரஸ் காலத்து ஆளுநர்கள் எல்லோரையும் ராஜினாமா செய்யச் சொன்னது. அந்தக் கூண்டோடு மாற்றத்தில்தான் பி. சி. அலெக்சாண்டர் போய் பர்னாலா வந்தார். ஆளுநர் என்பவர் தில்லியின் விருப்பம் உள்ளவரை மட்டுமே இருப்பவர் என்ற பலவீனத்தின் வழியாகத்தான் அவரும் ராஜ்பவனுக்குள் நுழைந்தார். தேசிய முன்னணியில் திமுக முக்கியக் கூட்டாளி. நண்பனுக்கு நண்பனைக் கவர்னராக அனுப்பினார்கள் என்று அதிமுகவும் காங்கிரஸும் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவர் வந்த மறுமாதம், ஜூன் 19இல், கோடம்பாக்கத்தில் ஈழப் போராளி இயக்கமான ஈபிஆர்எல்எஃப்பின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் செய்த கொலை. சென்னை நகருக்குள் இப்படி ஒன்று நடந்ததும், கொலையாளிகள் தப்பிப் போனதும் திமுக அரசின் மீது பெரும் குற்றச்சாட்டாக விழுந்தன. நவம்பரில் வி. பி. சிங் அரசு கவிழ்ந்தது. ஜனதா தளத்திலிருந்து பிரிந்த அறுபது சொச்சம் பேரோடு சந்திரசேகர் பிரதமரானார். ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தால்தான் அரசு நிற்கும். காங்கிரஸின் கூட்டாளியான அதிமுக, திமுக ஆட்சியைக் கலைக்கச் சொல்லி நாள்தோறும் நெருக்கியது. அந்த நெருக்கடி பிரதமரின் மேசைக்கு வந்து, அங்கிருந்து கிண்டிக்கு வந்தது.

பர்னாலாவின் நிலை எளிமையானது. மாநிலத்தில் அரசமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாத நிலை வந்துவிட்டது என்று எழுத, தன் கண்முன் ஆதாரம் இல்லை. ஆகவே எழுத முடியாது. சட்டம் ஒழுங்கில் குறை இருப்பது வேறு, அரசமைப்பு முறிந்துபோவது வேறு. 1987இல் சண்டிகரில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டதன் விலையைக் கொடுத்தவர் அவர்.

தில்லி அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. 356ஆவது பிரிவு ‘ஆளுநரின் அறிக்கை பெற்றோ வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் முடிவெடுக்கலாம் என்கிறது. அரசமைப்பு அவையில் 1949 ஆகஸ்டில் அந்த ‘வேறு வகையிலோ’ சேர்க்கப்பட்டபோது எச். வி. காமத் கடுமையாக எதிர்த்தார். இந்தப் பிரிவு பயன்படுத்தப்படாத ஏட்டுச் சட்டமாகவே இருக்கும் என்று தாம் நம்புவதாக அம்பேத்கர் பதில் சொன்னார். அந்தக் கதவைக் காங்கிரஸும் அதன் எதிர்த்தரப்பும் தாராளமாகத் திறந்தன. 1977 ஏப்ரலில் ஜனதா அரசு ஒன்பது மாநில ஆட்சிகளை ஒரே வீச்சில் கலைத்தது. 1980 பிப்ரவரியில் இந்திரா காந்தி அதேபோல் ஒன்பதைக் கலைத்தார். எம்ஜிஆர் ஆட்சியும் அதில் போனது. பர்னாலா 1977 ஜூனில் சேர்ந்த அமைச்சரவை, இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கலைப்பைச் செய்த அமைச்சரவைதான். 1991இல் குடியரசுத் தலைவராக இருந்தவர் தமிழரான ஆர். வெங்கட்ராமன். அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமை 44ஆவது திருத்தத்தால் அவருக்கு இருந்தது. பின்னாளில், 1997இல் உத்தரப் பிரதேசம் தொடர்பாகவும் 1998இல் பிகார் தொடர்பாகவும், கே. ஆர். நாராயணன் அதைப் பயன்படுத்திக் காட்டினார். வெங்கட்ராமன் கையெழுத்திட்டார்.

பர்னாலாவைப் பிகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, ராஜினாமா செய்தார். 1991 பிப்ரவரி 15இல் பீஷ்ம நாராயண் சிங் அந்த இடத்துக்கு வந்தார்.

இதற்கு மறுதரப்பு வாதம் ஒன்று உண்டு, அது இலேசானதன்று. புலிகள் தமிழ்நாட்டில் வேரூன்றியிருந்தார்கள், மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது அதை நிரூபித்துவிட்டது, ஆகவே கலைக்கச் சொன்னவர்கள் பக்கமே உண்மை, பர்னாலா கண்ணை மூடிக்கொண்டார் என்பது அந்த வாதம். புலிகள் இங்கே சுதந்திரமாக இயங்கியதில் திமுக அரசுக்குப் பொறுப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ராஜீவ் கொலை நடந்த அன்று தமிழ்நாட்டை ஆண்டுகொண்டிருந்தது தில்லி. ஆட்சியைக் கலைத்து நான்கு மாதம் ஆகப்போகிறது. காவல்துறை, உளவுத்துறை, கடலோரக் கண்காணிப்பு எல்லாம் ஒன்றிய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தன. பாதுகாப்புக்காகக் கலைத்தோம் என்ற வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆட்சிக் கலைப்பு பஞ்சாபில் தராத பாதுகாப்பை இங்கும் தரவில்லை. மாநிலத்தில் குறை இருந்தால் கண்டிக்கவும், உதவவும், படையனுப்பவும் ஒன்றியத்துக்கு வழிகள் இருந்தன. அவற்றுக்குப் பெரும்பான்மை அரசு ஒன்றைப் பலியிடத் தேவையில்லை.

அப்படியானால் பர்னாலாவின் மறுப்பால் என்ன பயன்? ஆட்சி எப்படியும் போய்விட்டதே என்று கேட்கலாம். பயன் ஆவணத்தில் இருக்கிறது. மாநிலத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பார்த்து எழுதியது என்று காட்ட தில்லியிடம் ஒரு தாள்கூட இல்லை. கலைப்பை அரசியல் முடிவாகவே சொந்தப் பெயரில் சுமக்க வேண்டியதாயிற்று. 1989 ஏப்ரலில் கர்நாடகத்தில் நடந்ததை இதோடு ஒப்பிட வேண்டும். அங்கே முதல்வர் எஸ். ஆர். பொம்மை, சட்டமன்றத்தில் பெரும்பான்மையை நிரூபிக்க வாய்ப்புத் தாருங்கள் என்றார். ஆளுநர் வெங்கடசுப்பையா அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் அறிக்கை அனுப்பினார், அரசு போனது. அந்த வழக்கில்தான் 1994 மார்ச் 11இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. பெரும்பான்மையை அளக்கும் இடம் சட்டமன்றம்தான், ராஜ்பவன் அன்று. கலைப்புக்கான ஆதாரத்தை நீதிமன்றம் கேட்டுப் பார்க்கலாம். தவறென்றால் கலைத்த ஆட்சியைத் திரும்ப அமர்த்தலாம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆட்சிக் கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன. நீதிபதிகள் 1994இல் வகுத்த அளவுகோலின்படி பர்னாலா 1991இலேயே நடந்துகொண்டார்.

அதன்பின் அவருடைய பாதை மேலும் இருபதாண்டு நீண்டது. 1996இல் சங்ரூரிலிருந்து மக்களவைக்குப் போனார். 1997இல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் நின்று கிருஷ்ண காந்திடம் தோற்றார். 1998இல் வாஜ்பாய் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1999 தேர்தலில் சங்ரூரில் சிம்ரஞ்சித் சிங் மான் வென்றார். எந்த மான் தலைமையில் சேர மறுத்ததற்காகச் சமயவிலக்கு பெற்றாரோ அதே மான். 2000 நவம்பரில் புதிதாகப் பிறந்த உத்தராஞ்சலின் முதல் ஆளுநர், பிறகு ஆந்திரம். அரசியலிலிருந்து ராஜ்பவன், அங்கிருந்து மீண்டும் அரசியல், மீண்டும் ராஜ்பவன் என்று போய்வந்தது எனக்கு உடன்பாடானதன்று. அண்மைக்காலத்தில் தீவிர அரசியலில் இருந்தவரை ஆளுநராக்கக் கூடாது என்று ஒன்றிய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் சொன்னதன் காரணம் இதுவேதான். பர்னாலா அந்தப் பரிந்துரைக்கு மாறான நியமனம். நல்ல விளைவு தந்த நியமனம் என்பதால் விதி தவறாகிவிடாது.

2004 நவம்பரில் மன்மோகன் சிங் அரசு அவரைத் தமிழ்நாட்டுக்கு மறுபடி அனுப்பியது. அந்த ஆண்டில்தான் உத்தரப் பிரதேசம், குஜராத், ஹரியானா, கோவா ஆளுநர்களை அதே அரசு நீக்கியிருந்தது. வாஜ்பாய் காலத்தில் நியமிக்கப்பட்ட பர்னாலாவுக்குப் பதவி நீடித்ததோடு, அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போன அதே ராஜ்பவனும் கிடைத்தது. 2011 ஆகஸ்ட் வரை இருந்தார். வந்தபோது முதல்வர் ஜெயலலிதா. 2006 மே 13இல், தனிப்பெரும்பான்மை இல்லாமல் 96 இடங்களோடு வந்த கருணாநிதிக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். 2011 மே 16இல் மீண்டும் ஜெயலலிதாவுக்கு. 1991இல் யாருடைய ஆட்சியைக் கலைக்க மறுத்தாரோ அவருக்கும், யார் கலைக்கச் சொன்னாரோ அவருக்கும் அதே கையால். அந்த ஏழாண்டில் ராஜ்பவன் ஒரு போட்டி அரசாக மாறவில்லை. எழுத அதிகம் இல்லாத ஆண்டுகள் அவை. ஓர் ஆளுநரைப் பற்றி எழுத அதிகம் இல்லாமலிருப்பது மாநிலத்துக்கு நல்லது என்பதே என் எண்ணம். 2017 ஜனவரி 14இல், 91ஆம் வயதில், சண்டிகரில் காலமானார்.

2004இல் நீக்கப்பட்ட ஆளுநர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசின் கொள்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் ஆளுநரை நீக்கக் கூடாது, தகுந்த காரணம் வேண்டும் என்றது. அதே ஆண்டு, சர்க்காரியாவுக்குப் பின் ஒன்றிய–மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆளுநருக்கு ஐந்தாண்டு உறுதியான பதவிக்காலம் வேண்டும். குடியரசுத் தலைவரை நீக்குவதைப் போன்ற நடைமுறை இல்லாமல் அவரை அகற்றக் கூடாது. அந்த அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்திடம் இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. அப்படியொரு விதி 1991இல் இருந்திருந்தால், அறிக்கை எழுதாத ஆளுநரைப் பிகாருக்கு மாற்றும் ஆணையே பிறந்திருக்காது. அந்தப் பரிந்துரையை எந்த அரசும் சட்டமாக்கவில்லை. 356ஆவது பிரிவில் ‘வேறு வகையிலோ’ இன்னும் இருக்கிறது. 156ஆவது பிரிவின்படி ஆளுநர் இன்றும் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருப்பவர்.